16 வயசுப் பையன் வண்டி ஓட்டினால் அப்பா மேல் வழக்கா?

மஞ்சக்குப்பத்தான்: எங்கள் தெருப் பையனுக்கு 16 வயது. அப்பாவின் ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போனவனை கடலூர் பாரதி சாலையில் பிடித்துவிட்டார்கள். வழக்கு அப்பா மேல். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவாம்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, ஒரு வருடத்துக்கு ஆர்சி (வண்டிப் பதிவு) ரத்து. ஓட்டியது ஒருவன், கம்பி எண்ணுவது இன்னொருவனா?

முதுநகர் வக்கீல்: சாவி யாருடையது? அவருக்குத் தெரிந்துதான் ஓட்டினான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். 2019 திருத்தத்தில் வந்தது இது. தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று அவர் நிரூபித்தால் தப்பிக்கலாம்.

மஞ்சக்குப்பத்தான்: சாவி ஆணியில் தொங்கியது, அவர் கடையில் இருந்தார். இதை எப்படி சார் நிரூபிப்பது? குற்றத்தைப் போலீஸ்தானே நிரூபிக்க வேண்டும்?

டவுன்பஸ்: ஆணியில் தொங்கினால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தினமும் ஸ்கூட்டரில் போகிற பையன்களைத்தான் பார்க்கிறோமே, முன்னாடி ஒருத்தன், பின்னாடி ரெண்டு பேர்.

மஞ்சக்குப்பத்தான்: பையனுக்கு ஒன்றும் இல்லையா அப்போது?

முதுநகர் வக்கீல்: ஏன் இல்லை? 25 வயது வரை எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம்கூட கிடையாது. அவன் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். ஆளை இடித்துக் கொன்றாலும் பெரியவர்களைப் போல விசாரிக்கும் அளவுக்கு 'கொடுங்குற்றம்' ஆகாது. அதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டாக இருக்க வேண்டும். டெல்லியில் ஒரு சிறுவன் கார் ஓட்டி ஒருவரை இடித்துக் கொன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது இதுதான்.

டவுன்பஸ்: பார்த்தீர்களா, அங்கே அவனுக்குச் சலுகை. அப்பாவையும் விட்டால் செத்தவன் குடும்பம் யாரிடம் போகும்?

மஞ்சக்குப்பத்தான்: இன்சூரன்ஸ் இருக்கிறதே.

முதுநகர் வக்கீல்: தம்பி, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டிய வண்டி என்றால், பெரும்பாலும் கம்பெனி முதலில் இழப்பீடு கொடுக்கும், அப்புறம் அதே தொகையை ஓனரிடம் வசூலிக்கும். 25,000 அபராதம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. வீடு, நிலம் வரை போகலாம்.

மஞ்சக்குப்பத்தான்: 16 வயதுக்கு லைசென்ஸ் உண்டு என்கிறார்களே?

முதுநகர் வக்கீல்: உண்டு, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. கடலூர் ஷோரூம்களில் அப்படி ஒன்று கேட்டுப் பாருங்கள்! 110, 125 என்றுதான் காட்டுவார்கள்.

மஞ்சக்குப்பத்தான்: அதைத்தான் சொல்கிறேன். வாங்க முடியாத வண்டிக்கு லைசென்ஸ், டியூஷன் விடும் நேரத்தில் பஸ் கிடையாது, வழக்கு மட்டும் அப்பா மேல்.

டவுன்பஸ்: சைக்கிள் இருக்கிறதே அண்ணே.