சேலத்தில் குழு ஓவியக் கண்காட்சி: ஆணி அடிக்காமல் படம் மாட்ட வழி உண்டா?

செவ்வாப்பேட்டைத் தூரிகை:
வணக்கம். நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் சேலம், எல்லோரும் நகரத்தையே வரைகிறவர்கள். ஒருவர் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் தூண்களைத் தவிர வேறெதையும் வரைவதில்லை. இன்னொருவருக்கு லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களின் தோள்கள். நான் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன். என் பெரிய படத்தில் அம்மா பற்று வைத்துக்கொண்டிருக்கிறார், அதாவது தீயில் உருக்கி வெள்ளியை ஒட்டுகிறார். கையில் இடுக்கி, வாயில் ஊதுகுழல். தீ வெள்ளியைத் தொடுகிற இடத்தில் மட்டும் ஆரஞ்சு, மற்றதெல்லாம் கரி. அந்த ஒரு விரற்கடை இடத்துக்கே இரண்டு மாதம் ஆனது.

போன வருடம் சென்னையில் ஒரு கேலரியில் அதை மாடிப்படிக்கு அடியில் மாட்டினார்கள். அம்மா பஸ் ஏறி வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போனார். இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் இந்த முறை நம்ம ஊரிலேயே வைக்கிறோம். மூன்று நாளைக்கு ஹால் கிடைத்துவிட்டது. ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம், மேலே முழுக்க டியூப் லைட். 32 படங்கள். என்ன செய்யலாம்?

அம்மாபேட்டைக்காரன்:
தம்பி, பந்தல்காரரிடம் இரும்புக் குழாய் வாடகைக்குக் கேளுங்கள். சுவருக்கு ஒரு அடி முன்னால் நிறுத்தி, குறுக்குக் குழாயிலிருந்து ஸ்டீல் கம்பியில் தொங்கவிடலாம். நைலான் நரம்பு வேண்டவே வேண்டாம். முடிச்சு நழுவி எனக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஒரு படம் விழுந்து சட்டம் பிளந்தது. படத்தின் நடு, தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கட்டும்; கேலரிகளில் அதுதான் வழக்கம். அப்புறம், 32 அதிகம். இருபது போதும், படங்கள் மூச்சு விடட்டும்.

மலையடிவாரம்:
டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். படத்துக்கு ஒரு எல்.இ.டி. ஸ்பாட், செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில். கண்ணாடி போட்ட படத்தில்கூட வெளிச்சம் கண்ணில் அடிக்காது. கரி நிறம் எண்ணெய் வண்ணம் என்றால் கண்காட்சிக்காக அவசரப்பட்டு வார்னிஷ் பூசாதீர்கள் தம்பி. தடித்த பூச்சு உள்ளே காய ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும்.

பழைய மாணவி:
செலவுக்குச் சின்ன அச்சுப் பிரதிகளும் விற்பனைக்கு வையுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அந்த ஓவியர்கள் பத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் காலூன்றினார்கள்.

செவ்வாப்பேட்டைத் தூரிகை:
எல்லோருக்கும் நன்றி. பந்தல்காரரிடம் பேசிவிட்டேன், குழாய் தருகிறார். 22 படங்களாகக் குறைத்தாயிற்று. பட்டறை ஆட்கள் வேலை முடித்து வர எட்டு மணியாகும் என்பதால் இரவு ஒன்பதரை வரை திறந்து வைக்கிறோம். அண்ணா, ஒன்றே ஒன்றில் மட்டும் உங்கள் அளவை மாற்றுகிறேன். அம்மாவை நிற்கவைத்து அளந்தேன், கண் மட்டம் 54 அங்குலம். அந்தப் படம் மட்டும் 54-ல்.