கூச்சப்பட்டு, பழைய வேட்டை ரைஃபிளைப் பேரலுக்குள்ள பாக்காமலே வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?

வால்நட்பிரியன்:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல குடையுது, அதான் எழுதறேன். மன்லிகர் ஷோனவர்ங்கற பழைய ஆஸ்திரிய ரைஃபிள், 1903 மாடல், 6.5x54 தோட்டா போடறது. இங்க இருக்கறவங்களுக்கு அது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பெரியவர் தவறிட்டார், மகன் விக்கறாராம்னு கேள்விப்பட்டுப் போனேன். துணி உறையிலேர்ந்து உருவி கையில குடுத்தார். முனை வரைக்கும் ஓடற கட்டை, கரண்டிக் காம்பு மாதிரி தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கற போல்ட் கைப்பிடி. மேகசின்ல கட்டை விரலை வெச்சு அழுத்தினா உள்ள அந்த உருளை சத்தமே இல்லாம சுத்துது. முனையை லேசா மேல தூக்கினேன், போல்ட் தானா வழுக்கிட்டுப் பின்னால வந்து நின்னுச்சு. அவ்ளோதான், நான் காலி.

அடித்தட்டுல இருக்கற சின்னக் கதவைத் திறந்து பாத்தா உள்ள க்ளீனிங் ராட் துண்டு துண்டா அப்படியே இருக்கு, அத்தனையும் பளபளன்னு, மரையில ஒரு கீறல் கிடையாது. "அப்பா இதை அப்படிப் பாத்துப்பார் சார்"னார் மகன், சொல்லும்போதே குரல் உடைஞ்சிடுச்சு. என் பாக்கெட்ல டார்ச் இருந்துச்சு. எடுக்கல. அந்த மனுஷன் கண்ணு கலங்கி நிக்கறார், நான் அவங்க அப்பா பொருளை மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கணுமான்னு ஒரு கூச்சம். கேட்ட தொகைக்கு சரின்னுட்டேன்.

லைசன்ஸ் பேப்பர் எல்லாம் மாறி கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்காச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கு ராத்திரி போல்ட்டைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சா உள்ள பேரலே இல்ல, பாழடைஞ்ச கிணத்துச் சுவர்தான். முனையிலேர்ந்து அரை அடிக்கு குழி குழியா. அப்பதான் உறைச்சது அந்த ராட் ஏன் அவ்ளோ புதுசா இருந்துச்சுன்னு. நான் மட்டும்தான் இப்படியா?

டபுள்பேரல்:
கூச்சம்லாம் பாத்தா இந்தப் பக்கமே வரக்கூடாது ப்ரோ. கோவிச்சுக்காதீங்க, நானும் அடி வாங்கினவன்தான், ஆனா உங்களை மாதிரி பாக்காம இல்ல, பாத்துட்டு.

ரெண்டு பேரல் பக்கத்துல பக்கத்துல இருக்கற டபுள் ரைஃபிள், இங்கிலீஷ் மேக், கம்பெனி பேர் வேணாம். கருநீலமா மின்னுது, கடையிலேர்ந்து நேத்து வந்த மாதிரி. அதுலயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். பேரலைக் கழட்டி அடியில இருக்கற கொக்கியில ஒரு விரலை மாட்டித் தொங்க விட்டு இன்னொரு கையால சுண்டிப் பாத்தேன். நல்ல பேரல்னா மணி மாதிரி நீளமா ஓடும். இது "டொக்"னுச்சு. விக்கறவர் மூஞ்சைப் பாத்தேன், அவர் ஜன்னலைப் பாத்தார். அந்த நொடிதான் இன்னும் கண்ணுல நிக்குது. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் வாங்கினேன், ஏன்னா அந்தக் கட்டையோட மரம் அப்படி, புகை சுருண்டு போன மாதிரி ரேகை.

விஷயம் என்னன்னா எவனோ அதை ஹாட் ப்ளூயிங் தொட்டியில, அதாவது இரும்புக்குக் கருநீல நிறம் ஏத்தற கொதி தொட்டியில, முக்கி எடுத்திருக்கான். அந்தக் கொதிக்கற கார உப்பு, ரெண்டு பேரலையும் நடுப்பட்டியையும் பிடிச்சிருக்கற ஈயப்பத்தைத் தின்னுடும். பழைய டபுளுக்கு மெதுவா துரு ஏத்திச் செய்யற ப்ளூயிங் மட்டும்தான் போடணும். மேல அழகு, உள்ள பட்டி பிரிஞ்சு நிக்குது. திரும்ப ஈயம் வெச்சு, ரெண்டு பேரலும் ஒரே இடத்துல அடிக்கற மாதிரி சுட்டுச் சுட்டு சரி பண்றதுன்னா அது ஒரு துப்பாக்கி விலை. சுவத்துல மாட்டி வெச்சிருக்கேன்.

பழையஇரும்பு:
வால்நட்பிரியன் தம்பி, என் கதை ரெண்டே வரி. 8 மில்லிமீட்டர் மவுசர்னு ஒரு அழகான ஸ்போர்ட்டர், அதாவது வேட்டை ரைஃபிள், வாங்கினேன், கூடவே ஒரு டப்பா தோட்டா ஃப்ரீ. தோட்டாவை உள்ள தள்ளினேன், சுகமா உக்காந்துச்சு, ட்ரிகர்ல விரல் போயிடுச்சு, அப்பதான் பக்கத்துல இருந்தவர் "ஒரு நிமிஷம்"னு என் மணிக்கட்டைப் புடிச்சார். பேரல் பழைய 0.318 அங்குல குண்டுக்கு, தோட்டாவுல இருந்த குண்டு 0.323. 1905க்கு அப்புறம் ராணுவம் பெரிய குண்டுக்கு மாறிடுச்சு, ஆனா வேட்டை ரைஃபிள் செய்யறவங்க ரொம்ப காலம் பழைய அளவுலயே செஞ்சாங்க. பழைய சேம்பர், அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற இடம், பல நேரம் புதுத் தோட்டாவை மறுப்பு சொல்லாம வாங்கிக்கும், அதான் ஆபத்து. அவர் கையோட பிடி இன்னும் என் மணிக்கட்டுல இருக்கு.

சரி, இப்ப புதுசா வாங்க நினைக்கறவங்களுக்காக சொல்றேன், யாரும் கேக்கலன்னு தெரியும், இருந்தாலும். முதல்ல ஸ்க்ரூவைப் பாருங்க. நல்ல பழைய துப்பாக்கியில ஸ்க்ரூ தலையில வெட்டு மயிரிழை மாதிரி மெல்லிசா இருக்கும், எல்லா வெட்டும் பேரல் போற திசையிலயே நிக்கும். அது கோணலா நின்னா, ஓரம் பிஞ்சிருந்தா, எவனோ வீட்டுத் திருப்புளியைப் போட்டு நோண்டியிருக்கான்னு அர்த்தம், உள்ள என்ன பண்ணானோ. அப்புறம் எழுத்து. கம்பெனி பேர் பொறிச்சிருக்கற எழுத்தோட ஓரம் விரல்ல உறுத்தணும். வழவழன்னு இருந்தா தேய்ச்சுப் பாலிஷ் போட்டு ரீப்ளூ பண்ணது. ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி தட்டு மாதிரி பள்ளம் விழுந்திருந்தாலும் அதேதான். கட்டை இரும்பை விட ஒரு நூலளவு உயரமா இருக்கணும், தாழ்ந்திருந்தா சாண்ட்பேப்பர் வேலை. டாங்னு சொல்ற பின்பக்க இரும்பு நாக்குக்குப் பின்னாடி, கை பிடிக்கற கழுத்து, இங்கெல்லாம் விரிசல் தேடுங்க, வெறும் கண்ணுல தெரியாது, லேசா அழுத்தினா எண்ணெய் கசியும். எண்ணெயில ஊறி கறுத்த கட்டைன்னா மரம் செத்துப் போச்சு. போல்ட் நம்பர், ரிசீவர் (போல்ட் ஓடற இரும்புக் கூடு) நம்பர், பேரல் நம்பர் மூணும் பொருந்தணும். முனையைப் பாருங்க, ராடை முன்பக்கத்துலேர்ந்தே விட்டுத் தேய்ச்ச துப்பாக்கின்னா அங்க ஒரு பக்கமா தேஞ்சிருக்கும். அப்புறம் முக்கியமா ஹெட்ஸ்பேஸ் கேஜ், அதாவது மூடின போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவுல தோட்டாவுக்கு இருக்கற இடத்தை அளக்கற கருவி, போடாம சுடவே கூடாது. கேலிபர்ல, அதாவது தோட்டா அளவுல, சந்தேகம் இருந்தா சேம்பருக்கு அச்சு எடுங்க, அதுக்குன்னே ஒரு உலோகம் இருக்கு, கொதிக்கற தண்ணி சூட்டுக்குள்ளயே உருகிடும், ஊத்தி ஆறவிட்டு எடுத்து அளந்துக்கலாம். பேரல் மேல என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீங்க, நடுவுல யாராவது ரீமர் விட்டுக் குடைஞ்சு அளவை மாத்தியிருப்பான்.

இன்னொண்ணு, அமெரிக்க ராணுவ ரைஃபிள் ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1903ஐ அறுத்துச் செஞ்ச ஸ்போர்ட்டர் வந்தா முதல்ல நம்பரைப் பாருங்க. ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆலையில செஞ்சதுன்னா 8,00,000க்குக் கீழ, ராக் ஐலண்ட் ஆலைன்னா 2,85,507க்குக் கீழ இருந்தா அது பார்க்க மட்டும். அந்தக் காலத்துல காச்சின இரும்போட நிறத்தைக் கண்ணால பாத்தே பதம் சொல்லியிருக்காங்க. வெயில் அடிக்கற நாள்ல கண்ணு ஏமாந்து அதிகமா காச்சிட்டாங்க, சில ரிசீவர் கண்ணாடி மாதிரி நொறுங்கிடுச்சு.

நாலுஓட்டை:
பழையஇரும்பு அண்ணே சொல்றதெல்லாம் அலமாரியில பூட்டி வெக்கறவங்களுக்கு. எல்லாம் பொருந்தணும், எதுவும் தொட்டிருக்கக் கூடாதுன்னா என்ன மாதிரி ஆளுக்கு இந்த ஜென்மத்துல கிடைக்காது.

என்கிட்ட இருக்கறது 64க்கு முந்தின வின்செஸ்டர் மாடல் 70. 1936ல ஆரம்பிச்சதுல, 1964ல கெடுத்தாங்களே, அதுக்கு முன்னாடி செஞ்சது, தோட்டா தலையை நகம் மாதிரி கவ்விப் பிடிக்கற பழைய எக்ஸ்ட்ராக்டர். எவனோ ரிசீவர் பக்கவாட்டுல நாலு ஓட்டை எக்ஸ்ட்ராவா போட்டு வெச்சிருந்தான். எனக்கு முன்னாடி வந்த ஆள் அந்த ஓட்டையைப் பாத்துட்டு "சீ"ன்னு கீழ வெச்சுட்டுப் போனார். சீன்னு சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு. எடுத்து தோள்ல வெச்சேன், கண்ணு நேரா குறி பாக்கற சைட்டுக்குப் போய் நின்னுச்சு, தலையை ஆட்டவே வேண்டியதில்ல. பேரல் கண்ணாடி. பாதிக்கும் கம்மியான விலைக்கு வாங்கினேன். நாலு ஓட்டைக்கும் நாலு ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கேன், ஆமாண்ணே, வெட்டு எல்லாம் ஒரே திசைதான்.

பழையஇரும்பு:
நாலுஓட்டை தம்பி, நான் ஓட்டை போட்டதை வாங்காதன்னு எங்கயும் சொல்லல, மறுபடி படி. அந்த நாலுல ஒண்ணு ரிசீவரோட முன் ரிங்குக்கு மேல, போல்ட்டைப் பூட்டற லக் உக்கார்ற இடத்துல இருந்தா என்ன பண்ணுவ? அதைப் பாத்தியா?

நாலுஓட்டை:
பாத்தேன். நாலும் ரிசீவரோட பின்பக்க பிரிட்ஜ்ல இருக்கு. நிம்மதியா இருங்க.

காட்டுவழி:
நீங்க எல்லாம் இரும்பைப் பாத்து ஏமாந்தீங்க, நான் கதையைக் கேட்டு. வேட்டைக் கதை எழுதின கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் வெச்சிருந்தார்னு படிச்ச நாள்லேர்ந்து 1895 மாடல் லீவர் ஆக்ஷன்னா எனக்கு ஒரு பித்து. ஒருத்தர் வெச்சிருந்தார். இது ஒரு பெரிய வேட்டைக்காரரோடது, புலி அடிச்சதுன்னு ஆரம்பிச்சார். கட்டையில வரிசையா ஏழு கோடு செதுக்கி இருந்துச்சு, ஒவ்வொண்ணு மேலயும் விரலை வெச்சு ஒரு கதை சொன்னார். நாலாவது கோட்டுக்கே நான் தலையை ஆட்டிட்டேன்.

பின்னாடி ஒரு மர வேலைக்காரர்கிட்ட காட்டினேன், அடித்தட்டு உடைஞ்சிருந்ததை மாத்தணும்னு. அவர் அந்தக் கோட்டைத் தடவிப் பாத்துட்டு, மத்த இடமெல்லாம் வேர்வையும் எண்ணெயும் ஏறி கறுத்திருக்கு, இந்தக் கோட்டுக்குள்ள மட்டும் மரம் வெளுப்பா இருக்கேன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டார்.

துப்பாக்கி நல்லாதான் சுடுது, அது வேற. தோள்ல ஒரு குத்து விடும் பாருங்க.

டபுள்பேரல்:
கதைக்குக் காசு குடுக்கறதுன்னா எழுத்துல இருக்கணும். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டோட .275 ரிக்பி ரைஃபிள்ல வெள்ளித் தகடு பதிச்சு, 1907ல எதுக்காகக் குடுத்தாங்கன்னு பொறிச்சே இருக்கு. பழைய இங்கிலீஷ் கம்பெனிங்க பல பேர் அந்தக் காலத்து லெட்ஜரை இன்னும் வெச்சிருக்காங்க, நம்பரைச் சொன்னா எந்த வருஷம் யாருக்குப் போச்சுன்னு எடுத்துக் குடுப்பாங்க. வின்செஸ்டருக்கும் அமெரிக்காவுல கோடி (Cody)ங்கற ஊர் மியூசியத்துல பழைய பதிவு கொஞ்சம் இருக்கு. கோடு கிழிக்க ஒரு பேனாக்கத்தி போதும்.

காட்டுவழி:
இதை மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

சேவேஜ்99:
நான் வாங்காததைச் சொல்றேன். என் பேர்லயே தெரியும், சேவேஜ் 99 ரைஃபிள். இடது பக்கம் ரிசீவர்ல சின்ன ஜன்னல், உள்ள பித்தளைச் சக்கரத்துல எத்தனை தோட்டா மிச்சம்னு நம்பர் தெரியும். டாங் பின்னாடி வழக்கமான விரிசல், அதைக் காட்டி கொஞ்சம் குறைச்சுக் கேட்டேன். அந்தம்மா ஒண்ணும் பேசாம துணியைச் சுத்தி உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த விரிசல் நிறைய 99ல இருக்கும், அது எனக்கும் தெரியும். கதவு சாத்தற சத்தம்தான் மிச்சம்.

வால்நட்பிரியன்:
இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. அண்ணன் சொன்ன லிஸ்ட்ல ஸ்க்ரூ, நம்பர், கட்டை எல்லாமே என் துப்பாக்கியில பாஸ், உள்ள பாக்கறது ஒண்ணைத் தவிர.

நடந்ததையும் சொல்லிடறேன். தீப்பொறி தர்ற மருந்துல க்ளோரேட் கலந்த பழைய ப்ரைமர் தோட்டா போட்டுச் சுட்டிருக்காங்கன்னு நினைக்கறேன். அது சுட்டதும் உள்ள உப்பு படியும், காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டா உப்பு கரையாது, சுடுதண்ணிதான் ஊத்தணும். பெரியவர் வெளிய எண்ணெய் தடவித் தடவி பளபளன்னு வெச்சிருக்கார், உள்ள தண்ணி காட்டினதே இல்ல. நான் ஒரு வாரம் சுடுதண்ணி, துணி, ப்ரஷ், திரும்ப துணின்னு அந்தப் புது ராடாலயே இழுத்தேன். முதல் மூணு நாள் துணி செங்கல் கலர்ல வந்துச்சு. அப்புறம் 160 கிரெய்ன் எடை உருண்டை மூக்கு குண்டு போட்டு 100 கஜத்துல சுட்டேன். அந்த மேகசினுக்கு அதே நீளம், அதே மூக்குதான் ஒத்து வரும், வேற போட்டா சிக்கும். நீளமான குண்டு, அதனாலயோ என்னவோ அந்தக் குழியையும் தாண்டி ரைஃப்ளிங்கை, அதாவது பேரலுக்குள்ள இருக்கற சுருள் வரியை, பிடிச்சுக்குது. மூணு ஓட்டையையும் உள்ளங்கையால மூடலாம். நம்பவே முடியல.

போன வாரம் மகன் ஃபோன் பண்ணார். அப்பா துப்பாக்கி எப்படி சார் இருக்குன்னார். நல்லா சுடுதுன்னேன். பேரலைப் பத்தி வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். பீரோவுக்கு அடியில அப்பாவோட பழைய தோட்டா ஒரு டப்பா கிடைச்சிருக்கு, வேணுமான்னு கேட்டார். சுடறதுக்கு இல்ல, டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும் எனக்கு. என் லைசன்ஸ்ல அத்தனை தோட்டாவுக்கு இடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் போகணும்.