பர்கண்டி லேபிளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம். மூன்று மாதமாக ஒயினைப் புரிந்துகொள்ள முயன்று வருகிறேன். துவர்ப்பு பிடிபட்டுவிட்டது. பிரான்சின் போர்தோ வட்டாரச் சிவப்பு ஒயினை ஒரு வாய் குடித்ததும், கொட்டைப்பாக்கு மென்றதுபோல ஈறும் நாக்கும் இழுத்துப் பிடித்தன. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்தான் அது என்று படித்தபோது அவ்வளவு மகிழ்ச்சி! புளிப்பும் தெரிகிறது, விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறுகிறது.

திணறுவது பிரான்சின் இன்னொரு வட்டாரமான பர்கண்டியின் ஒயினில்தான். லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இல்லை, ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டனே என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தன் புட்டியைக் கிராண்ட் க்ரூ, அதாவது பர்கண்டியின் மிக உயர்ந்த தரம், என்று நம்பி வாங்கிவிட்டேன். அந்தத் தரம் பெற்றது ஷாம்பெர்த்தன் என்ற தோட்டம். ஜெவ்ரே என்ற ஊர் அந்தப் பெயரை 1847இல் தன்னோடு சேர்த்துக்கொண்டதாம். பெயருக்கு நடுவே உள்ள ஒரு சிறு கோடு இவ்வளவு மாற்றிவிடுகிறது.

ஊர்ப் பெயரில் வரும் ஒயினுக்கும் அதற்கு ஒரு படி மேலான பிரமியே க்ரூவுக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கால் அறிய விரும்புகிறேன். அருகருகே வைத்துச் சுவைக்க, அதிக விலையில்லாத எந்த இரண்டு புட்டிகளை வாங்கலாம்? ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு என்று பார்க்க வேண்டுமா? எவ்வளவு குளிர்ச்சியில் ஊற்ற வேண்டும் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.