மறுமொழி: ‘ஃபைனல் செட்டில்மென்ட் சர்டிபிகேட்’ தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

> அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களுக்குத் தந்த இந்தக் காகிதத்தை ‘இறுதித் தீர்வைச் சான்றிதழ்’ என்று போட்டுவிடலாமே?

‘தீர்வை’ என்றால் வரி ஐயா, சுங்கத் தீர்வை மாதிரி. சரி, ‘தீர்வு’ என்று திருத்தினாலும் சிக்கல் போகாது. நம் ஊரில் வேலையை விட்டவர் ‘செட்டில்மென்ட் வாங்கிட்டேன்’ என்றால் பணம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 1783இல் படையைக் கலைத்தபோது நடந்தது வேறு. படைக் கணக்குகளைத் தீர்க்க அமர்த்தப்பட்ட ஜான் பியர்ஸ், ஆளுக்கு எவ்வளவு சம்பள பாக்கி என்று கணக்குப் பார்த்து, அந்தத் தொகைக்கு 6 விழுக்காடு வட்டியுடன் சீட்டு கொடுத்தார். கணக்கு முடிந்தது, கடன் அப்படியே நின்றது. காங்கிரசுக்கு (அன்றைய அமெரிக்க நாட்டுப் பேரவை) வரி போடும் அதிகாரமே கிடையாது, எங்கிருந்து கொடுக்கும்? தாள் நோட்டாகக் கொடுக்கவும் வழியில்லை. 1780இலேயே நாற்பது தாள் டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அதன் மதிப்பைக் காங்கிரசே இறக்கிவிட்டது. கைச்செலவுக்கு இல்லாத வீரர்கள் முகமதிப்பில் கால்பங்குகூடத் தேறாத விலைக்குச் சீட்டை விற்றார்கள்.

இதனால் ‘சான்றிதழ்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. பிறப்புச் சான்றிதழை யாரும் இன்னொருவருக்கு விற்க முடியாது. இது கைமாறியது, அதுதான் பிறகு பெரிய சண்டையே. முதலில் வாங்கிய வீரருக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்று 1790இல் காங்கிரசின் கீழவை உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசன் வாதாடினார். கீழவை அதை ஏற்கவில்லை. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழுத்தொகை என்றானது. ‘சீட்டு’ என்றால் இந்தக் கைமாற்று இயல்பாகவே அடங்கும்.

> அப்படியானால் ‘கடனேற்புச் சீட்டு’?

நல்ல சொல்தான், ஆனால் ‘கடனேற்பு’ வேறு இடத்தில் வேண்டியிருக்கிறது. மாநிலங்களின் போர்க்கடனை நடுவணரசு தன் தலையில் போட்டுக்கொண்டதே, நிதியமைச்சர் ஹாமில்டன் கொண்டுவந்த திட்டம், அதற்கு. பழைய சீட்டுகளுக்குப் பதில் புதிய கடன்பத்திரம் தந்ததும் அதே 1790 சட்டம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை: ‘நிலுவைச் சீட்டு’. பெயரிலேயே பாக்கி நிற்கிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘படைச் சம்பள நிலுவைச் சீட்டு’ என்று விரித்து எழுதலாம்.

அப்புறம், போர் நடக்கும்போதே விவசாயிகளிடம் தானியமும் வண்டியும் எடுத்துக்கொண்டு படை அதிகாரிகள் எழுதிக்கொடுத்த சீட்டையும் இதற்குள் அடைக்க வேண்டாம். அது கணக்குப் பார்ப்பதற்கு முந்தியது. இப்போதைக்கு ‘எடுப்புச் சீட்டு’ என்று குறித்திருக்கிறேன். காதுக்கு ஒட்டவில்லை; வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.