சும்மா கிடக்கிற கணினியை நோய் ஆராய்ச்சிக்கு ஓட்டலாமா?

கரண்ட்கணக்கு:
"சும்மா கிடக்கிற சக்தி"ன்னு ஒண்ணு கிடையாதுங்க. வேலையில்லாம நிக்கிற டெஸ்க்டாப் 50 வாட் இழுக்குதுன்னு வைங்க. கிராபிக்ஸ் கார்டோட ஃபோல்டிங்@ஹோம் (புரதங்களோட அசைவை வீட்டுக் கணினிகள்ல கணக்குப் போடற ஆராய்ச்சித் திட்டம்) ஓட்டினா 250. அந்தக் கூடுதல் 200 வாட், ராப்பகலா ஓடினா நாளுக்கு 4.8 யூனிட், ரெண்டு மாச பில்லுல 288 யூனிட். அந்தக் காசை ஆராய்ச்சிக்கே நேரா அனுப்பிடலாம். புரத வடிவத்தைக் கணிக்கிற ஏஐ ஆல்ஃபாஃபோல்டு வந்து, அதை உருவாக்கினவங்க 2024ல வேதியியல் நோபலும் வாங்கின பிறகு இது எதுக்கு?

புரதப்பித்தன்:
ரெண்டும் வேற வேலை. ஆல்ஃபாஃபோல்டு பெரும்பாலும் மடிஞ்சு முடிஞ்ச வடிவத்தைச் சொல்லும். புரதம் அசையும்போது மருந்து ஒட்ட எங்கே குழி விழுதுங்கறது ஃபோல்டிங்@ஹோம் பார்க்கிற வேலை. கொரோனா வைரஸ் மேல இருக்கிற ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்குதுன்னு 2020ல இப்படித்தான் ஓட்டிப் பார்த்தாங்க.

கரண்டுக்கு: ஆஃப்டர்பர்னர்ங்கற கார்டு கட்டுப்பாட்டு மென்பொருள்ல பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்க. கடைசிக் கொஞ்சம் வேகத்துக்குத்தான் கார்டு கன்னாபின்னான்னு வோல்டேஜ் கேக்கும். அதனால வாட் குறையற அளவுக்கு வேகம் குறையாது.

பழைய_ஐ5:
நம்மகிட்ட கார்டு இல்லை. 4 கோர், 8 ஜிபி ராம், சாயங்காலம் 3 மணி நேரம்தான் ஆன்ல இருக்கும். தேறுமா?

புரதப்பித்தன்:
ஃபோல்டிங் வேண்டாம். அங்கே கணக்கைத் துண்டு துண்டாத்தான் கொடுப்பாங்க, ஒரு துண்டு முடிஞ்சாத்தான் அதே ஓட்டத்தோட அடுத்த துண்டு பிறக்கும். நீங்க நாலு நாள் பிடிச்சு வெச்சா அந்தச் சங்கிலியே நிக்கும். கெடு தாண்டினா அதையே வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க, உங்க கரண்ட் வீண். சீக்கிரம் திருப்பினா போனஸ் பாயிண்ட் தர்றதும் இதனாலதான்.

உங்களுக்கு பாயிங்க் (இந்த மாதிரி திட்டங்களை ஓட்டற மென்பொருள்) போட்டு, அதுல ரொசெட்டாங்கற புரத ஆராய்ச்சித் திட்டம். அதுல ஒவ்வொரு வேலையும் தனித்தனி. சில நாள் வேலையே வராது, பதறாதீங்க. ரொசெட்டா தளத்துல ஒரு வேலை ஓடும் நேரத்தை 8 மணியிலிருந்து 4க்கு மாத்துங்க. கெடு பெரும்பாலும் 3 நாள்தான், 8 மணி வேலை உங்க கணக்குக்கு இழுபறி. பாயிங்க் அமைப்புல, முன்கூட்டியே இறக்கி வைக்கிற வேலைக் கையிருப்பு 0.1 நாள், கூடுதல் 0. கோர் 50 சதவீதம், அதாவது ரெண்டு. ஒரு வேலையே 1 ஜிபி ராமுக்கு மேல தின்னலாம். நாலையும் விட்டா பிரவுசர் திணறும்.

முக்கியமா, "நிறுத்தி வைக்கும்போது மெமரியில் விட்டுவை"ன்னு இருக்கிறதை டிக் பண்ணுங்க. இல்லேன்னா நீங்க மவுஸைத் தொடும்போதெல்லாம் வேலை கடைசியா சேமிச்ச இடத்துக்குப் போயிடும். ரொசெட்டா அடிக்கடி சேமிக்காது.

பழைய_ஐ5:
கோரைக் குறைக்காம, சிபியு நேரத்தை 50 சதவீதம்னு வெச்சாலும் அதேதானே?

கரண்ட்கணக்கு:
இல்லை. அது ஓடி நின்னு, ஓடி நின்னு போகும். ஃபேன் ஏறி இறங்கிக் கத்தும். கோரைக் குறைங்க, நேரத்தை 100லயே விடுங்க. இதுல புரதப்பித்தன் சொல்றது சரி.

ஆனா என் கேள்வி இன்னும் நிக்குது. குளிர் நாட்டுல அந்த 200 வாட் ஹீட்டர் செலவுல கழியும். சென்னை மே மாசத்துல அதே சூட்டை வெளியே தள்ள ஏசிக்கு இன்னொரு 60, 70 வாட்.

புரதப்பித்தன்:
ஏசி ரூம்ல வைக்காதீங்க. வெயில் மாசத்துல நிறுத்திக்கோங்க. ஃபோல்டிங்@ஹோமை நிறுத்தும்போது மட்டும் பாஸ் அழுத்தாம ஃபினிஷ் அழுத்துங்க. கையில இருக்கிற துண்டை முடிச்சு அனுப்பிட்டு அதுவே நின்னுடும்.