நோர்வூட்டிலிருந்து ஒரு கேள்வி: 40 இலட்சத்திற்கு மின்சாரக் கார் கிடைக்குமா, அரசாங்க மானியம் உண்டா?

நோர்வூட் வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். மனைவி தாதி. அவளுக்கு இரவு முறை முடியும் நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. முச்சக்கர வண்டிக்குக் கொடுப்பதை மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது. கையிருப்பும் கடனும் சேர்த்து 40 இலட்சம் வரை புரட்டலாம். 2022இல் பெற்றோல் செட் வாசலில் கியூஆர் குறியீட்டை வைத்துக்கொண்டு காய்ந்தவர்கள் நாங்கள். ஆகவே பெற்றோல் கார் வேண்டாம் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை.

கொழும்பில் 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் ஒன்று இருப்பதாகவும் 38 இலட்சத்திற்கு முடித்துத் தருவதாகவும் ஒரு தரகர் சொல்கிறார். இதற்கிடையில் டொரொன்டோவில் இருக்கும் மச்சான், 2023இல் தான் கார் வாங்கியபோது அரசாங்கமே 5,000 டொலர் கழித்துக் கொடுத்ததாகவும் இங்கேயும் அப்படி ஏதாவது இருக்கும், விசாரியுங்கள் என்றும் சொன்னார். அதைத் தரகரிடம் வாய்விட்டுக் கேட்டேன். உடனே அவர், ‘ஆமாம் சேர், மின்சார வாகன மானியம் வந்திருக்கிறது. படிவம் நிரப்பி 6 இலட்சம் திருப்பி எடுத்துத் தருகிறேன், செலவுக்கு 60,000 முன்பணம் வையுங்கள்’ என்றார்.

அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா? இரண்டாவது, இந்தக் கார் எங்கள் ஏற்றத்தில் ஏறுமா? வீட்டுக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்குமாக ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓடும். விடுமுறையில் கொழும்பு போய்வர வேண்டும்.

ஹாலி எல குமார் எழுதியது:

அறுபதாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பாவித்த காரை வாங்குகிறவருக்குக் காசு திருப்பிக் கொடுக்கும் மானியம் எதுவும் இங்கே இல்லை. வர்த்தமானி இலக்கமும் திகதியும் சொல்லச் சொல்லி அந்த மனிதரிடம் கேளுங்கள், மற்றதை அவர் முகமே சொல்லும்.

கொட்டகலைப் பெண் எழுதியது:

நான் கொட்டகலையில் பிறந்து இப்போது ஒன்டாரியோவில் இருக்கிறேன். உங்கள் மச்சான் சொன்னது பொய்யில்லை, ஆனால் பழைய கதை. கனடா மத்திய அரசின் அந்தத் திட்டம் 2019 மே மாதம் தொடங்கியது. புதிய காருக்கு மட்டும்தான். பாவித்த காருக்கு ஒரு சதமும் கிடையாது. காரின் அடிப்படை விலைக்கும் உச்சவரம்பு இருந்தது, சாதாரணக் கார்களுக்கு 55,000 டொலர். வாங்குகிறவர் படிவத்தோடு அலையத் தேவையில்லை. விற்பனை நிலையமே பட்டியலில் கழித்துவிட்டுப் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளும். அதுவும் வரியெல்லாம் சேர்த்த பிறகுதான் கழிப்பார்கள். ஆகவே முழு விலைக்கும் வரி கட்டியாக வேண்டும், இதை மச்சான்மார் சொல்வதில்லை. 2025 ஜனவரியில் ஒதுக்கிய நிதி தீர்ந்தது, திட்டமும் நின்றது. ஒன்டாரியோ மாகாணம் தன் பங்குக்குக் கொடுத்து வந்ததை ஆட்சி மாறியதும் 2018இலேயே நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். புதிய காருக்கு 7,500 டொலர் வரையும், பாவித்த காருக்கு 4,000 டொலர் வரையும் வரிச் சலுகை இருந்தது. 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு அதை முடித்துவிட்டார்கள். எந்த நாட்டு மானியமென்றாலும் கார் வாங்கும் நாளன்று அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் வாத்தியார்.

தலவாக்கலை வயர்மேன் எழுதியது:

தம்பி, நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். லீஃப் ஒன்றை வைத்து நானூஓயா ஏற்றத்தில் தினமும் ஓட்டுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு. நம் நாட்டில் மின்சாரக் காருக்குச் சலுகை என்று ஒன்று உண்டென்றால் அது துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது, வாங்குகிறவர் கைக்குக் காசோலையாக வருவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தபோது, மின்சாரக் காரின் உற்பத்தி வரியை மோட்டாரின் வலுவை, அதாவது கிலோவாட்டை வைத்து விதித்தார்கள். புதிய காருக்கு 50 கிலோவாட் வரை கிலோவாட் ஒன்றுக்கு 18,100 ரூபா. அதற்கு மேல் 100 வரை 24,100. நூறைத் தாண்டினால் 200 வரை 36,200. 47 கிலோவாட் மோட்டார் உள்ள நிசான் சகுரா என்ற சின்னக் கார் புதிதாக இறங்கினால் இந்த வரி 850,700 ரூபா. 100 கிலோவாட் காருக்கு 24 இலட்சத்துப் பத்தாயிரம். ஒரே ஒரு கிலோவாட் கூடி 101 ஆனால் 36 இலட்சத்து ஐம்பத்தாறாயிரம்! இறக்குமதி செய்கிறவர்கள் ஏன் நூறுக்குள் நிற்கும் மோட்டாரைத் தேடி அலைகிறார்கள் என்று இப்போது விளங்கும். இதற்கு மேல் சுங்க வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி எல்லாம் தனி. ஆகவே புதிய கார் உங்கள் 40 இலட்சத்துக்குள் வராது. 2014ஆம் ஆண்டு லீஃபின் வரியை அதை முதலில் இறக்கியவர் அப்போதே கட்டி முடித்துவிட்டார். இன்று யார் எதைத் திருப்பித் தர முடியும்?

கையில் இருக்கும் பணத்தைக் காப்பாற்றும் இடம் பாட்டரிதான். லீஃபின் முன்திரையில் வலது ஓரம் பெரிய கட்டங்கள் சார்ஜைக் காட்டும். அவற்றுக்கு வெளியே ஒட்டினாற்போல் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், புதிதில் பன்னிரண்டு. அவைதான் பாட்டரியின் மிச்ச ஆயுள். ‘பதினொன்று இருக்கிறது சேர், ஒன்றுதான் போயிருக்கிறது’ என்று விற்கிறவர் சொல்வார். கேட்பவர் பன்னிரண்டில் ஒன்று, எட்டு சதவீதம் என்று மனக்கணக்குப் போடுவார். அது தவறு. முதல் கோடு போவதற்கே ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், அதன் பிறகு கோட்டுக்கு ஆறு சதவீதம் அளவில் போகும். ஒன்பது கோடு என்றால் மிச்சம் 70 சதவீதம் அளவு. இன்னொரு தில்லுமுல்லும் நடக்கிறது. காரின் கணினியில் உள்ள பாட்டரிப் பதிவை அழித்து மறுபடி பன்னிரண்டு கோடு காட்ட வைப்பார்கள். சில வாரம் ஓடியதும் கோடுகள் தாமாக இறங்கும், அதற்குள் விற்றவரைப் பிடிக்க முடியாது.

அதனால் கோட்டை நம்பாமல் லீஃப்ஸ்பை என்ற செயலியையும் சின்ன புளூடூத் கருவி ஒன்றையும் வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் பாட்டரியின் 96 இணைச் செல்களும் தொலைபேசித் திரையில் வரிசையாக நிற்கும். தரையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கும்போது ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் தொலைபேசியைப் பிடிக்கட்டும். ஒரு செல்லின் வோல்ட் மட்டும் மற்றவற்றை விட்டுத் தாழ்ந்து விழுந்தால் அந்தக் கார் வேண்டாம்.

ஏற்றத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேரோடு கார் 1,750 கிலோ என்று வைத்தால், அதை 1,200 மீற்றர் உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 5.7 அலகு மின்சாரம் வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வரை ஏறுவது அந்த அளவுதான். அதோடு எழுபது கிலோமீற்றர் சொச்சம் ஓடுவதற்கு ஒன்பது, பத்து அலகு. மொத்தம் பதினாறு வரை போகும். 24 அலகு என்று விற்ற பாட்டரி 75 சதவீதத்தில் இருந்தால் கணக்குக்குப் பதினெட்டு, ஆனால் ஓட்டத்துக்குக் கிடைப்பது பதினாறு அளவுதான். ஆகவே கொழும்பிலிருந்து ஒரே மூச்சில் வீடு வர முடியாது. வழியில் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும். பழைய ஜப்பான் லீஃபின் வேகச் சார்ஜ் துளை சடேமோ என்ற ஜப்பான் வகை. இப்போது வரும் சீனக் கார்களின் துளை வேறு. வழியில் எந்த நிலையத்தில் எந்த வகைச் செருகி இருக்கிறது என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள். அன்றாட நாற்பது கிலோமீற்றர் ஒரு பிரச்சினையே இல்லை, ஆறேழு அலகில் முடியும்.

இறங்கும்போது மோட்டாரே காரைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைத் திருப்பிச் சேர்க்கும். கியரில் ‘B’ என்ற நிலை இருந்தால் இன்னும் நல்லது, அதில் மோட்டார் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் மலையில் இருக்கிற நாம் காலையில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பாட்டரி எதையும் வாங்காது, பிரேக் கட்டைதான் தேயும். எண்பதோடு நிறுத்துங்கள். இன்னொரு நன்மை, லீஃப் பாட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை, அதன் எதிரி வெப்பம். கொழும்பு வெயிலில் நின்ற காரைவிட நம் குளிரில் நிற்கும் கார் மெதுவாகத்தான் கிழடாகும்.

கடைசியாக என் தொழில். பழைய குவார்ட்டர்ஸ் சுவரில் தொங்கும் சொக்கெட்டில் செருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரவு முழுக்கப் பத்து அம்பியர் இழுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். மாதம் நூறு அலகுக்குள் இருந்த பில் கார் வந்தபின் 180 அலகைத் தாண்டி உச்சக் கட்டணப் படிக்குப் போகும். நேரத்துக்கு நேரம் அலகின் விலை மாறும் மின்சாரக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகு மலிவு. உங்கள் இணைப்பை அதற்கு மாற்றுவார்களா என்று பிரதேச மின்சார அலுவலகத்தில் கேளுங்கள்.

கம்பளை மெக்கானிக் எழுதியது:

வயர்மேன் அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் பத்து வருடம் தாண்டிய பாட்டரிக்கு 38 இலட்சமா? மாற்ற வேண்டி வந்தால் யார் கொடுப்பது? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பாதையும் போனது, கரண்டும் போனது. வைத்தியசாலைக்குப் போகிற ஒருவர் வீட்டில் அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அதே காசுக்குச் சின்னப் பெற்றோல் கார் ஒன்றை எடுத்தால் எந்தக் கராஜிலும் கைவைப்பார்கள்.

தலவாக்கலை வயர்மேன் எழுதியது:

கரண்ட் விஷயத்தில் தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். மழைக்காலத்தில் பாட்டரியைப் பாதிக்குக் கீழே விடாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும். பாதை உடைந்து கிடந்தால் பெற்றோல் காரும் பறக்காது. விலை அதிகம் என்பது உண்மை. ஒன்பது கோடு என்றால் 38 கொடுக்காதீர்கள், பேரம் பேசுங்கள்.

நோர்வூட் வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தரகரிடம் வர்த்தமானி இலக்கம் கேட்டேன். ‘இன்னும் அச்சாகவில்லை சேர், உள்ளே இருக்கும் ஆள் சொன்னது’ என்றார். அவரை விட்டுவிட்டேன். காரின் சொந்தக்காரரிடம் நேரே பேசியாகிவிட்டது. திரையைப் படம் பிடித்து அனுப்பினார், பத்துக் கோடு தெரிகிறது. சனிக்கிழமை காரைக் கித்துல்கலை வரை கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். வயர்மேன் அண்ணன், அந்தக் கருவியோடு நீங்கள் வர முடியுமா? பஸ் செலவும் சாப்பாடும் என் பொறுப்பு.

தலவாக்கலை வயர்மேன் எழுதியது:

வருகிறேன். அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: கொழும்பில் நிரப்பிக்கொண்டு புறப்படட்டும், வழியில் எங்கேயும் சார்ஜ் ஏற்ற வேண்டாம். கித்துல்கலைக்கு வந்து சேரும்போது எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். மற்றப் பாதிக்குக் கினிகத்தேனைப் பக்கமாக ஐந்தாறு கிலோமீற்றர் ஏற்றிப் பார்ப்போம். திரும்பிப் போகச் சார்ஜ் ஏற்றும் இடத்தை அவரே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பணம் எதையும் கையில் கொண்டுவராதீர்கள்.