கூத்து கற்க வரும் நம் பெண்ணுக்காக

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு டொராண்டோ போன நம் பெண்ணைப் பற்றிச் சிலர் எழுதியிருந்ததைப் படித்தேன். முதலில் மிருதங்கம், அப்புறம் ஓவியம், இப்போது அனிமேஷன் என்று அலைகிறாளே, எதையாவது ஒன்றை உருப்படியாகப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவள் இப்போது தோல்பாவைக்கூத்து, அதாவது தோலில் செய்த பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் கூத்து, கற்க ஊருக்கு வருகிறாள்.

அவள் எடுத்த ஒரு நிமிட அனிமேஷன் படத்தை நிதானமாகப் பாருங்கள். ஜடாயுவைக் கெட்டி அட்டையில் வெட்டி, இறக்கையைத் தோள்மூட்டில் நூலால் கோத்திருக்கிறாள். இறகுக்கு இறகு ஊசிமுனைத் துளைகள், பின்னால் விளக்கு எரியும்போது அந்தத் துளைகளில் ஒளி கசிந்துதான் இறகே தெரிகிறது. நொடிக்கு 24 படம் என்று நகர்த்தி நகர்த்தி எடுத்ததில் இறக்கையடி ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் அச்சாக உட்கார்கிறது, ராவணனின் வாள் விழுந்ததும் அந்தத் தாளமும் தடுமாறுகிறது. மிருதங்கம் பழகாத கைக்கு இது வராது. முதலில் எல்இடி விளக்கில் எடுத்தாளாம். “நிழல் செத்துக் கிடந்துச்சு பெரியப்பா, எண்ணெய்த் திரி ஏத்துன அப்புறம்தான் பறவைக்கு உசுரு வந்துச்சு” என்றாள்.

நம் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தை ஆட்டும் புலவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் இதைத்தானே? தோலில் உருவம் வரைந்து உளியால் கொத்திப் பாவை செய்யத் தெரிந்தவரே கோயிலின் கூத்து மேடையான கூத்துமாடத்தில் ஆயப்புடவை என்னும் திரைக்குப் பின்னால், வரிசையாக எரியும் 21 விளக்குகளின் சூட்டில் நின்று பாவையை ஆட்டி, கம்பன் பாட்டைப் பாடி, விடிய விடியப் பொருளும் சொல்கிறார். தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராம ராவண யுத்தத்தைக் காண முடியாமல் போன பகவதிக்காக நடத்துவதாக ஐதீகம், எதிரே ஒரு ஆள் உட்காராவிட்டாலும் கூத்து நிற்காது. மலையாள மண்ணில், பகவதி கோயிலில், தமிழ்ப் பாட்டு. எல்லையில் பிறந்த நமக்கு இதைவிடச் சொந்தமான கலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கூனத்தறை கிருஷ்ணன்குட்டி புலவர் அதைக் கோயிலுக்கு வெளியே மேடைக்குக் கொண்டுவந்தார், அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் குழுவும் இப்போது ஆடுகிறது.

கூத்துக் காலம் ஜனவரியிலிருந்து மே வரை. அவள் பிப்ரவரியில் வருகிறாள், விமானச் செலவைப் பகுதிநேர வேலை பார்த்து அவளே சேர்த்துவிட்டாள். கைவேலை அவளுக்குப் பிடிபட்டுவிடும், சிரமம் கம்பன்தான். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் படிப்பது எழுத்துக் கூட்டித்தான். யுத்த காண்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு சீர் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது தினம் ஒரு மணி நேரம் போனில் ஒதுக்கினால் இப்போதே தொடங்கிவிடலாம்.

பாராட்டு விழா, சால்வை, கேடயம் எல்லாம் இந்த வருடம் வேண்டாம். அந்தப் பணத்தை அவள் தங்கும் செலவுக்கும், குருவுக்கு வைக்கும் தட்சிணைக்கும், உளி வாங்கவும் கொடுத்துவிடுவோம். ஷொர்ணூர், ஒற்றப்பாலம் பக்கம் வீடு பூட்டிக் கிடக்கிறவர்கள் பொங்கலுக்குள் எனக்குச் சொல்லுங்கள், கோயில்களில் எந்த நாளில் எங்கே கூத்து என்று நான் விசாரித்து வைக்கிறேன்.